கொண்டை ஊசியின் இடம்

'வண்டு டாக்டர்' என்று அவருக்குப் பெயர் வைத்தது யாரோ ஒரு வீட்டுக் குழந்தை. எங்கள் பியானோவுக்குள் வண்டு புகுந்துவிட்டது, அதைப் பிடிக்க ஒரு அம்மா வந்திருக்கிறார் என்று அது தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதுதான் அவர் தொழில். அதற்கு அந்த நகரத்தில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் ஏதோ ஒரு கட்டையை அழுத்தினால் 'ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் கூடவே வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை என்றால், அந்த மற்ற ஆட்களே இவர் வீட்டுத் தொலைபேசி எண்ணைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

கிராண்ட் பியானோ என்பது கட்டில் அகலத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே முறுக்கேற்றிய கம்பிகள். கம்பிகளுக்கு அடியில் முழங்குவதற்கென்றே இழைத்த மெல்லிய மரப்பலகை. அந்தப் பலகை முழங்கும்போது பெட்டியில் எது தளர்ந்திருந்தாலும் கூடவே ஆடும். பெட்டியில் மட்டுமா? அறையில் இருக்கிற சன்னல் கண்ணாடி, மேசை விளக்கு, அலமாரிக் கைப்பிடி எல்லாம் ஆடும். காதை நம்பிப் போனால் காது ஏமாற்றும். வலது மூலையில் கேட்கிற இரைச்சல் இடது காலடியிலிருந்து வந்துகொண்டிருக்கும். அதனால் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அந்தக் கட்டையையே திரும்பத் திரும்ப, ஒரே பலத்தில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் அறையைச் சுற்றி வந்து ஒவ்வொரு பொருளின் மேலும் விரலை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அதுதான்.

கட்டையை அடித்தவர் அவருடைய கணவர். அவருக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. தபால் நிலையத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். காலையிலிருந்து மாலை வரை ஒரே கனத்தில் குத்திப் பழகிய கை அது. இசைக் குறிப்புத் தாள் வைக்கிற சட்டத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படித்தபடியே அடிப்பார். முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் இம்மி வித்தியாசம் இருக்காது.

"பெரிய பெரிய வித்வானெல்லாம் உட்கார்ந்த நாற்காலிங்க இது," என்று மனைவி பியானோவுக்கு அடியிலிருந்து சொல்வார். "கொஞ்சமாவது நிமிர்ந்து உட்காருங்க."

"அவங்க எல்லாம் எல்லாக் கட்டையையும் தட்டிட்டுப் போயிட்டாங்க. ஒத்தக் கட்டையை வெச்சே வீட்டுக்கு அரிசி வாங்குறவன் நான் ஒருத்தன்தான் டாக்டரே!"

ஒரு பணக்கார வீட்டில், குறிப்பிட்ட ஒரு கட்டையைத் தொட்டால் செத்துப்போன தாத்தா முனகுகிறார் என்று கிலி பிடித்திருந்தது. சின்னவர்கள் அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டார்கள். படித்த குடும்பம்தான், அந்த வீட்டில் ஒரு பொறியாளரும் இருந்தார். கணவர் அடிக்க அடிக்க, வண்டு டாக்டர் அறையைச் சுற்றி வந்து, கடைசியில் சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் படத்தில் விரலை வைத்தார். முனகல் நின்றது. சட்டத்துக்குள் கண்ணாடி தளர்ந்திருந்தது. ஒரு காகிதத்தை மடித்துச் செருகினார்.

"தாத்தா வாயை மூடிட்டார்," என்றார் கணவர். அந்த வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து தெருமுனை திரும்பிய பிறகு இவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கணவருக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. "திருப்பி வை." பியானோவுக்குள் எது அகப்பட்டு, அதை வெளியே எடுத்ததும் சத்தம் நின்றுவிட்டாலும், அவர் விடமாட்டார். அதை இருந்த இடத்திலேயே மறுபடி வை, மூடியைப் பழையபடி மூடு, திரும்ப அடிக்கிறேன் என்பார். சத்தம் மறுபடி வந்தால்தான் அது குற்றவாளி. வராவிட்டால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறது. எடுக்கிற சாக்கில் நாம் வேறு எதையோ அசைத்துவிட்டோம் என்று பொருள்.

ஒரு வீட்டில் உள்ளேயிருந்து ஒரு நாணயம் கிடைத்தது. சத்தமும் நின்றது. அந்த வீட்டுக்காரர் மகனைக் கூப்பிட்டு இடுப்புப் பட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். "பொறுங்க சார், அடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை அடிச்சுப் பார்த்துக்கிறேன்," என்றார் முத்திரைக்காரர். நாணயத்தைத் திருப்பி வைத்தார்கள். சத்தம் வரவில்லை. உள்ளே பார்ப்பதற்காக நகர்த்தி வைத்த பூச்சாடியைப் பழைய இடத்தில் வைத்ததும் வந்தது.

இந்தச் சட்டத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தபால் நிலையத்தில் ஒரு பார்சல் காணாமல் போனபோது தன்னோடு வேலை பார்த்த ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் துரத்தினார்கள். அவர் போன பிறகும் பார்சல்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. அதற்காக அவரை யாரும் திரும்ப அழைக்கவில்லை. "ஆளை எடுத்தாங்களே, திருப்பி வெச்சுப் பார்த்தாங்களா?" என்று ஓய்வு பெற்ற பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். வண்டு டாக்டர் குழாயை மூடிவிட்டு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் இரைச்சல் வேலைக்குப் போகவில்லை. சுருதி சேர்க்க மட்டும் போய்வந்தார். அது ஒற்றை ஆள் செய்கிற வேலை. அப்போதுதான் ஓர் இசைப்பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அரங்கத்துப் பியானோவில் நடுவுக்குச் சற்று இடப்புறம் ஒரு கட்டை இரைகிறது, ஆண்டு விழாக் கச்சேரி நெருங்குகிறது, உடனே வர வேண்டும் என்றார் அந்தப் பள்ளியின் மேலாளர். மறுக்கத் தோன்றவில்லை. போனார்.

ஒரு கையை நீட்டிக் கட்டையை அடித்துக்கொண்டு, மறு கை எட்டுகிற தூரம் வரை தடவிப் பார்த்தார். பியானோவின் பாதிக்குக் கூட எட்டவில்லை. அடித்துவிட்டு ஓடிப்போய் அழுத்தினால், போய்ச் சேர்வதற்குள் ஒலி அடங்கிவிடுகிறது. முழங்கை வலித்தது. மூடிமேல் அடுக்கியிருந்த பாடப் புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தார். மூடியைத் தூக்கி முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தி, கைவிளக்கை அடித்து உள்ளே பார்த்தார். கம்பிகளுக்கு அடியில், பலகையின் ஓரத்தில், தூசுக்குள் ஒரு பித்தளைக் கொண்டை ஊசி கிடந்தது. மெல்லிய எஃகுத் தகட்டைக் கம்பிகளுக்கு இடையே விட்டு அதை மெதுவாக நெம்பித் தூக்கி வெளியே எடுத்தார். கட்டையை அடித்தார். சுத்தமாக ஒலித்தது. இன்னொரு தடவை அடித்தார். இரைச்சல் இல்லை.

"இதுதான்," என்றார்.

திருப்பி வைக்கவில்லை. மூடியை மூடி அடித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் போல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

மேலாளர் ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பள்ளி முதல்வர் பார்த்தார். பாடத்துக்கு வந்திருந்த மாணவிகளும் அவர்களைக் கூட்டிப்போக வந்த தாய்மார்களும் எட்டிப் பார்த்தார்கள். எல்லாக் கண்களும் சுற்றிவிட்டு, வாசலில் ஈரத் துடைப்பத்தோடு நின்றிருந்த துப்புரவுக்காரம்மாவின் கொண்டையில் போய் நின்றன.

"பியானோவைத் துடைக்கிறது நீங்கதானே?" என்றார் மேலாளர்.

"நான்தாங்க. ஆனா இது என்னுது இல்லை. நான் கறுப்பு ஊசிதான் வெப்பேன். பாருங்க." அந்த அம்மா தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். போதவில்லையோ என்று இன்னொன்றையும் பிடுங்கினார். பிறகு எல்லாவற்றையும். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. உள்ளங்கை நிறையக் கறுப்பு ஊசிகளை ஏந்தியபடி, தலைவிரி கோலமாக, அத்தனை பேர் முன்னால் நின்றார்.

"ஊசி வெக்கிற பழக்கம் இருக்குன்னு நீங்களே காட்டிட்டீங்களே," என்றார் மேலாளர்.

யாரோ ஒரு தாய் சிரித்தார். அங்கே நின்ற பெண்கள் பாதிப் பேர் தலையிலும் ஊசி இருந்தது. அவர்களில் ஒருவரையும் எவரும் கேட்கவில்லை. துடைப்பம் பிடித்த கைதான் குற்றம் செய்யும் என்பதற்குச் சாட்சி தேவையில்லை போலும். வண்டு டாக்டர் கருவிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தார், பார்த்துவிட்டுப் பையின் வாரை இழுத்துக் கட்டினார். இது அவர்கள் வீட்டு விவகாரம் என்று நினைத்தார்.

கச்சேரிக்கு முந்தின வாரம் மேலாளர் மறுபடி அழைத்தார். "சத்தம் திரும்ப வந்துடுச்சு மேடம்."

அரங்க வாசலில் சீருடை போட்ட ஓர் இளைஞர் இயந்திரத்தால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டு டாக்டர் மேலாளரிடம், "முன்னாடி இருந்த அம்மா எங்கே?" என்று கேட்டார்.

"அந்த ஊசி விஷயத்திலேயே அனுப்பிட்டோமே. நீங்க சொன்னதை வெச்சுத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"'இதுதான்'னு சொன்னீங்களே மேடம். எல்லாரும் கேட்டோமே!"

வண்டு டாக்டர் பியானோ நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, கட்டையை அடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். பியானோ ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர். ஆனால் அவரால் ஒரு கட்டையை வெறுமனே அடிக்க முடியவில்லை. ஒரு அடியைக் கெஞ்சலாக அடித்தார், அடுத்ததை உருக்கமாக, அதற்கடுத்ததைக் கோபமாக.

"சார், உணர்ச்சியே வேண்டாம். தபால்ல முத்திரை குத்துற மாதிரி குத்துங்க."

"எனக்கு அப்படிப் பழக்கம் இல்லையேம்மா," என்று வருந்தினார் ஆசிரியர். ஆனாலும் முயன்றார்.

மூடி மூடியிருந்தது, மேலே வழக்கம்போல் புத்தகங்கள். வண்டு டாக்டர் இந்தத் தடவை எதையும் நகர்த்தவில்லை. கால்களிலிருந்து தொடங்கினார். மிதிகட்டை, பக்கப் பலகை, மூடியின் விளிம்பு என்று விரலால் அழுத்திக்கொண்டே போய், இடது ஓரத்தில் மூடியைப் பெட்டியோடு பிணைக்கிற கீலில் கையை வைத்தார். இரைச்சல் நின்றது. கையை எடுத்தார். வந்தது. மறுபடி வைத்தார். நின்றது.

கீலுக்குள் போகிற கம்பி தேய்ந்து தளர்ந்திருந்தது. மூடியைத் தூக்கினால் மூடியின் கனம் கம்பியை இறுக்கிவிடும், சத்தம் இருக்காது. மூடினால் தளர்ந்து இரையும். அன்றைக்கு மூடியைத் தூக்கி நிறுத்திய கணத்திலேயே சத்தம் நின்றிருந்தது. ஊசி எந்தப் பாவமும் அறியாது.

கம்பியை உருவி, இடுக்கியால் இம்மி அளவு வளைத்து, மெழுகு தடவிச் செருகினார். பிறகு மேலாளரிடம், "அந்த ஊசி இருக்கா?" என்றார். மேலாளர் அதை மேசை இழுப்பறையில் ஒரு உறைக்குள் போட்டு வைத்திருந்தார். சாட்சிப் பொருள் அல்லவா! வண்டு டாக்டர் முதல்வரையும் கூப்பிடச் சொன்னார். அவர் வந்ததும் மூடியைத் திறந்து விளக்கைப் பிடித்துக் காட்டினார். ஒலிப்பலகையில் கனத்த தூசு. அதன் நடுவே ஊசி கிடந்த இடம் மட்டும் ஊசி வடிவிலேயே சுத்தமாகத் தெரிந்தது. அவ்வளவு தூசு ஒரு பருவத்தில் படிவதில்லை. அந்தத் தடத்திலேயே ஊசியைத் திருப்பி வைத்தார். மூடியை மூடினார். புத்தகங்களை அடுக்கினார். ஆசிரியரிடம் கட்டையை அடிக்கச் சொன்னார்.

பியானோ சுத்தமாக ஒலித்தது.

"பார்த்தீங்களா? ஊசி உள்ளேதான் இருக்கு. சத்தம் இல்லை. அது பல வருஷமா சும்மா கிடந்த ஊசி. அந்தம்மா மேல தப்பே இல்லை. தப்பு என்மேல. அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க."

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், சத்தம் போயிடுச்சில்ல? அது போதும். துப்புரவை ஒரு கம்பெனிகிட்ட ஒப்படைச்சாச்சு. உண்மையைச் சொன்னா, இந்த வருஷம் அவங்களை எப்படியும் எடுக்கிறதாத்தான் இருந்தோம். ஊசி இல்லேன்னா இன்னொண்ணு."

வேலையை விட்டு ஒருவரை நிறுத்துகிறவர்கள் அதையாவது நேராகச் செய்யலாம். 'உனக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கு அதிகமாகப் படுகிறது' என்று சொல்லி அனுப்பலாம். அப்படிச் சொன்னால் தாங்கள் கெட்டவர்களாகிவிடுவோம் என்று, ஒரு ஊசியைத் தேடி எடுத்து, போகிறவரைக் கெட்டவராக்கி அனுப்புகிறார்கள். கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் இவர்களுக்கு இருக்கிற அக்கறை இருக்கிறதே, அந்தக் கைகளுக்காகத் தரை துடைத்தவர் மேல் அதில் ஒரு துளி கூட இருப்பதில்லை.

வாசல் காவலாளி முகவரி சொன்னார். வெளிப்புறமாக ஏறும் இரும்புப் படிக்கட்டு. மேலே ஒற்றை அறை. கதவைத் திறந்தது துப்புரவுக்காரம்மாவின் தங்கை. வந்தவர் யார் என்று தெரிந்ததும் அவள் கதவை அகலத் திறந்து விட்டாள்.

"ஓ, ஊசி கண்டுபிடிச்ச டாக்டரா! வாங்க வாங்க. எங்க வீட்லயும் நிறைய ஊசி கிடக்கு. தேடி எடுத்து யார் தலையிலயாவது போட்டுட்டுப் போங்க."

"சும்மா இருடி," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

சன்னலோரம் மேசை போட்டு அந்த அம்மா அடுத்தவர் வீட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வண்டு டாக்டருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைமுடியைக் கழுத்தோடு ஒட்ட வெட்டியிருந்தார்.

வண்டு டாக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கீல், தூசு, திருப்பி வைத்தது, முதல்வர் கடிகாரம் பார்த்தது. பிறகு, முதல் நாள் ஏன் திருப்பி வைக்கவில்லை என்பதையும் சொன்னார். இத்தனை வருஷமும் கூட வந்து கட்டையை அடித்தவர் இறந்துபோனதைச் சொன்னார். மன்னிப்புக் கேட்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் தங்கள் துக்கத்தைத்தான் எடுத்து முன்னால் வைப்பார்கள். அவரும் வைத்தார்.

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவர் இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

"கண்டுபிடிச்சிருப்பேன்."

"அப்போ உங்க வீட்டுக்காரர் செத்ததுக்கு எனக்கா வேலை போகணும்?"

தங்கை கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"போன இடத்திலெல்லாம் 'முன்னே எங்க வேலை பார்த்தே, ஏன் விட்டே'ன்னு கேக்குறாங்க," என்றார் அந்த அம்மா, ஒரு சட்டையின் கழுத்துப் பட்டியை விரித்தபடி. "அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணா, பியானோவைக் கெடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களாம். நான் வாழ்க்கையில ஒரு டம்ளர் உடைச்சதில்லை."

"நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க."

"அன்னைக்கு நான் தலையை அவுத்துப் போட்டுக்கிட்டு நின்னப்போ யார் யார் பார்த்தாங்களோ, அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. தனியா ஆபீசுக்குள்ள சொன்னா எனக்கு என்ன ஆச்சு?"

"நீங்களும் வருவீங்களா?"

"நான் அங்க காலே வெக்க மாட்டேன்."

கச்சேரி மாலையில் வண்டு டாக்டர் அரங்கின் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசி நேரத்தில் சுருதி சரிபார்க்க வந்தவர் என்று யாரும் தடுக்கவில்லை. மாணவிகள், தாய்மார்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள். அன்று சிரித்த தாயும் இருந்தார். முதல் மாணவி வாசித்து முடித்ததும் இவர் எழுந்து மேடைக்குப் போனார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாததால் மிக அருகில் போய்விட்டார், அது கீச்சிட்டது.

"இந்தப் பியானோவைக் கெடுத்தாங்கன்னு இங்கே துப்புரவு வேலை பார்த்த அம்மாவை அனுப்பினாங்க. அவங்க எதையும் கெடுக்கலை. மூடியோட கீல் தேஞ்சிருந்தது. உள்ளே கிடந்த ஊசி அவங்களுது இல்லை. அது எந்தச் சத்தமும் போடலை. அதுதான் காரணம்னு சொன்னவ நான். சோதிச்சுப் பார்க்காம சொன்னேன். அந்த ஊசி இப்பவும் உள்ளேதான் இருக்கு. இப்ப வாசிச்சதைக் கேட்டீங்களே, ஏதாவது இரைச்சல் இருந்ததா? அன்னைக்கு அவங்களைப் பார்த்தவங்க நிறைய பேர் இங்கே..."

ஒலிபெருக்கி அணைந்தது. அதற்குமேல் அவர் பேசியது முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். முதல்வர் சிரித்த முகத்தோடு மேடைக்கு வந்தார். நம் பியானோவை அக்கறையோடு பராமரிக்கும் அம்மையாருக்கு நன்றி என்று வெறும் குரலிலேயே உரக்கச் சொல்லிவிட்டுக் கை தட்டினார். அரங்கமும் தட்டியது. இரண்டாவது மாணவி வந்து நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து வண்டு டாக்டருக்கு அழைப்பு வரவில்லை. அந்தப் பள்ளியைப் பார்த்து வேறு சிலரும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் அதைப்பற்றி யாரிடமும் குறைப்பட்டதில்லை. வீட்டில் செய்தித்தாள் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. அது பிரிக்கப்படாமலே அடுக்கில் சேர்ந்துகொண்டிருந்தது.

கச்சேரிக்கு மறுநாள் அவர் மறுபடி அந்த இரும்புப் படிகளில் ஏறினார். அந்த அம்மா ஈரம் தெளித்த துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன்," என்றார் வண்டு டாக்டர்.

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும்."

"என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க."

"எதுக்கு?"

"தெரியலை."

அந்த அம்மா சுருட்டிய துணியை மேசையில் வைத்தார். தங்கை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வண்டு டாக்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

"அந்த ஊசியை என்ன பண்ணீங்க?"

"உள்ளேயே விட்டுட்டேன். இருந்த இடத்திலேயே."

"சரி," என்றார் அந்த அம்மா. "அதுக்காவது இடம் இருக்கே." சூடு பார்க்க விரலை நாக்கில் தொட்டு, இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைத்தார். சுர் என்றது. அடுத்த சட்டையை எடுத்தார்.